ஒரே நாளில் திரும்பி வந்த நாற்பத்தேழு புத்தகங்கள்

உக்காருங்க மேடம். அந்த சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. டீ சொல்லட்டுமா? காலையில ஆறு மணிக்கே பஸ் ஏறியிருப்பீங்க. நம்ம இடத்தைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லையே? மேப்ல போட்டு வெச்சிருக்கேன், போட்டோவோட. இந்த மாவட்டத்துல மேப்ல போட்டோ ஏத்தின முதல் கிளை நூலகம் மேட்டுத்தோப்பூர்தான்.

என் பேரு நல்லசிவம். ஆர்டர்ல பாத்திருப்பீங்க. நம்ம கைபேசிச் சேவையைப் பாத்துட்டு, அதே மாதிரி உங்க மாவட்டத்துல செய்யலாமான்னு அறிக்கை குடுக்கணும், அதானே? உங்களுக்கு முன்னாடி ஏழு பேர் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க எட்டாவது ஆளு. அவங்க எல்லாரும் ஆம்பளைங்க.

இருங்க, யாரோ படியேறுன மாதிரி இருந்துச்சு.

இல்ல. பேப்பர் படிக்கிறவருதான், செருப்பை மாத்திப் போட்டுட்டுப் போயித் திரும்பி வந்திருக்காரு.

ஒவ்வொண்ணா சொல்றேன். வாசல்ல ஒட்டியிருக்கற கறுப்புக் கட்டத்தை ஸ்கேன் பண்ணீங்கன்னா நம்ம ஆப் திறக்கும். 'நூல்தூது'ன்னு பேர் வெச்சிருக்கேன். தலைப்பைத் தமிழ்ல தட்டுனா எந்த அலமாரி, எந்தத் தட்டுன்னு காட்டும். புத்தகம் வெளியில போயிருந்தா எப்பத் திரும்பும்னு காட்டும். வீட்டுலேருந்தே முன்பதிவு பண்ணலாம். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரல மேடம். நான் நூலகப் படிப்பு படிச்சப்ப கம்ப்யூட்டருக்கே துணி போட்டு மூடி வெச்சிருப்பாங்க. லீவு நாள்ல வீடியோ பாத்துப் பாத்து நானே கத்துக்கிட்டேன், நாப்பத்தெட்டு வயசுல. பதினாலாயிரம் புத்தகத்தையும் ஒத்தை ஆளா ஏத்தினேன். பக்கத்து ஊரு நூலகர், பேரு வேண்டாம், "இதுக்கெல்லாம் இன்கிரிமென்ட் குடுப்பாங்களா?"ன்னு கேட்டான். அவன் நூலகத்துல இன்னும் சாக்பீஸ்ல எழுதிப் போட்டுட்டு இருக்கான்.

முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். தவணை நினைவூட்டல். உங்க அறிக்கையில இதுக்குத்தான் நிறைய இடம் விட்டிருப்பாங்க. புத்தகம் எடுத்து பதினஞ்சு நாள் தாண்டிட்டா மெசேஜ் தானா போயிடும். படிக்கிறேன் கேளுங்க: "அன்புள்ள வாசகர் இன்னார் அவர்களுக்கு, தாங்கள் பெற்றுச் சென்ற இன்ன நூலின் தவணை முடிந்து இத்தனை நாட்கள் ஆகின்றன. நூலைத் திருப்பி அளித்து ஒத்துழைக்க வேண்டுகிறோம்." மரியாதையா இருக்கா இல்லையா? இதுல என்ன தப்புங்கிறீங்க?

விடுங்க மேடம். சும்மா கேட்டேன்.

மணி என்ன ஆச்சு? பத்து அம்பதா? சரி.

இங்க ஒரு உதவியாளர் இருந்துச்சு மேடம். ஞானசௌந்தரின்னு. இருபத்திரண்டு வருஷம் இந்த ஒரே நூலகத்துல. நான் இங்க வந்து அஞ்சு வருஷம்தான் ஆகுது. நல்ல உழைப்பாளி, குறை சொல்லக் கூடாது. ஆனா கம்ப்யூட்டர்னா ஆகாது. மௌஸைத் தொட்டாலே கையைத் துடைச்சுக்கும். அந்தம்மா மகளுக்குப் பிரசவம்னு போன மே மாசம் பத்து நாள் லீவு போட்டுச்சு. நான் பழைய வழங்கல் பதிவேட்டையெல்லாம் ஆப்ல ஏத்திக்கிட்டு இருந்த நேரம். ஏத்திக்கிட்டே வர்றேன், பாத்தா, ஞானசௌந்தரி பேர்ல அறுபத்து மூணு புத்தகம் வெளியில இருக்கு! ஒரு கார்டுக்கு மூணு புத்தகம்தான் மேடம். அறுபத்து மூணு!

உங்களுக்கு என்ன தோணும்? எனக்கும் அதேதான் தோணுச்சு. வீட்டுல கொண்டு போயி அடுக்கி வெச்சிருக்கோ, யாருக்காவது தூக்கிக் குடுத்துடுச்சோன்னு. போன் போட்டுக் கேட்டேன். குழந்தை அழுகிற சத்தம் பின்னால கேக்குது. "அது என் பேர்லயே இருக்கட்டும் சார். எல்லாம் பத்திரமா இருக்கு. நான் வந்து சொல்றேன்"னுச்சு. நான் வந்து சொல்றேன்னா? சிஸ்டம் காத்துக்கிட்டு இருக்குமா? ஒரே ஆள் பேர்ல அறுபத்து மூணு புத்தகத்தை அது ஏத்துக்கவே மாட்டேங்குது. சிவப்புல காட்டுது. ரெண்டு வாரத்துல சென்னையிலேருந்து ஆளுங்க முன்மாதிரி நூலக விருதுக்காகப் பார்வையிட வர்றாங்க. திரையைத் திறந்ததும் சிவப்பு!

அந்தம்மா டிராயரைத் திறந்தேன். அலுவலக டிராயர்தான், சொந்த டிராயர் இல்ல. உள்ள ஒரு இருநூறு பக்க நோட்டு. அட்டையில 'கோலம்'னு எழுதியிருக்கு. முதல் நாலு பக்கம் புள்ளி வெச்சுக் கோலம்தான். அஞ்சாம் பக்கத்துலேருந்து வேற. தேதி, புத்தக நம்பர், அதுக்கு நேரா ஆள் பேருக்குப் பதிலா 'நீலக்குடை', 'எருமை வீடு', 'ரெட்டைப்பிள்ளை', 'பைப்'. இப்படியே நாலு வருஷத்துக்கு.

பாத்தவுடனே புரிஞ்சுபோச்சு மேடம். புத்தகம் எடுக்கறது இந்த ஆளுங்க, கையெழுத்துப் போடறது அந்தம்மா. எல்லாம் பொம்பளைங்க. காலையில வீட்டு வேலையை முடிச்சுட்டு, காய்கறி வாங்குற சாக்குல பதினோரு மணிக்கு இங்க வருவாங்க. பத்துப் பதினஞ்சு பேர் வருவாங்க. அந்தக் கடைசி மேஜை முழுக்க அவங்கதான். அஞ்சலட்டையில நினைவூட்டல் போட்டுக்கிட்டு இருந்த காலத்துல ஏதோ ஒரு வீட்டுக்குக் கார்டு போயி ஏதோ பிரச்சினையாம், அதுலேருந்து சௌந்தரியம்மா இப்படித் தன் பேர்ல எழுதிக்கிட்டு வந்திருக்கு. இதை அந்தம்மாவே ஒரு தடவை எங்கிட்ட சொன்ன ஞாபகம். நான் அப்ப வேற ஏதோ வேலையில இருந்தேன்.

சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த நோட்டுல இருந்த ஒவ்வொரு ஆளையும் நான் கண்டுபிடிச்சேன். ஒரு வாரம் ஆச்சு. எல்லாரும் எப்பவோ உறுப்பினரா சேந்தவங்கதான், படிவம் இருக்கு, முகவரி இருக்கு, போன் நம்பர் இருக்கு. எருமை வீடு ஊருக்கே தெரியும். ரெட்டைப்பிள்ளையை சத்துணவுக் கூடத்துல விசாரிச்சேன். நீலக்குடைக்கு மட்டும் ரெண்டு நாள் வாசல்ல நின்னேன், மூணாம் நாள் வந்துச்சு ஒரு அம்மா, வெயிலுக்கு நீலக்குடையைப் பிடிச்சுக்கிட்டு. பைப்னா ரொம்பச் சுலபம், ஊர்ல பைப் கடை ஒண்ணுதான். செல்வகணபதி கடை. அவர் சம்சாரம் மங்கையர்க்கரசி. அரசின்னு கூப்பிடுவாங்க. அறுபத்து மூணு புத்தகமும் நாப்பத்தோரு பேர் மேல கச்சிதமா உக்காந்துச்சு. பழைய நாலு வருஷத்தையும் அவங்கவங்க பேர்ல ஏத்தினேன். திரை பச்சையாச்சு. இந்த வேலையை வேற எந்த நூலகரும் செஞ்சிருக்க மாட்டான் மேடம், எழுதிக்கங்க.

வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு, முதல் தடவைங்கறதால நானே, நாப்பத்தோரு பேருக்கும் நினைவூட்டலை 'அனுப்பு'ன்னு தட்டினேன்.

ஒரே நாள்ல நாப்பத்தேழு புத்தகம் திரும்பி வந்துச்சு. இந்த நூலக வரலாத்துலயே கிடையாது! முதல் ஆளு பதினோரு மணிக்கு வண்டியில வந்தாரு. மேஜை மேல புத்தகத்தை எறிஞ்சாரு. எறிஞ்சாருன்னா, வெச்சாரு. கொஞ்சம் வேகமா வெச்சாரு. அப்புறம் ஒருத்தர் பின்னால ஒருத்தரா. ஒரு பெரியவர் மருமக எடுத்த புத்தகத்தை ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு வந்தாரு, செத்த எலியைப் பிடிக்கிற மாதிரி. குழந்தை உண்டாகறதுக்கான வைத்தியம் பத்தின புத்தகம் அது. ஒருத்தர் "எம் பொண்ணு பேரை இதுலேருந்து எடுத்துடுங்க"ன்னாரு. அப்படி ஒரு வசதி நான் வெக்கல. சேக்கறதுக்குத்தான் வெச்சேன். யாரு மேடம் பேரை எடுக்கணும்னு கேப்பாங்கன்னு நினைச்சேன்.

நான் போட்டோ எடுத்து அதிகாரிங்க குரூப்ல போட்டேன். மாவட்ட நூலக அலுவலர் கைதட்டுற படம் அனுப்பினாரு, மூணு கை. வரிசையா ஆளுங்க, கையில புத்தகம். அத்தனை பேர்ல ஒருத்தர்கூடப் பொம்பள இல்ல. அன்னிக்கு அதை நான் கவனிக்கல. பின்னால போட்டோவைப் பாத்தப்பதான் தெரிஞ்சுது.

ஏன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். நீங்க பொம்பள. படிவத்துல இருந்த நம்பர் எதுவும் அவங்க நம்பர் இல்ல. வீட்டுக்காரர் நம்பர், அப்பா நம்பர், அண்ணன் நம்பர். படிவத்துல அப்படித்தான் எழுதுவாங்க, வழக்கம். அது என் தப்பா? படிவத்துல இருக்கறதை ஏத்தறதுதான் என் வேலை.

மங்கையர்க்கரசி புத்தகத்தைக் கொண்டாந்து குடுத்தது செல்வகணபதி. சாயங்காலம் நாலு மணி இருக்கும். நல்ல மனுஷன் மேடம், சத்தமே போடல. ரெண்டு புத்தகத்தையும் பதனமா வெச்சாரு. ரெண்டும் குரூப் ஃபோர் தேர்வுக்கானது. ஒண்ணு கணக்கு, ஒண்ணு பழைய கேள்வித்தாள். "இவ எத்தனை நாளா இங்க வர்றா சார்?"ன்னு கேட்டாரு. வேற நூலகனா இருந்தா "பாத்துதான் சொல்லணும், நாளைக்கு வாங்க"ன்னு இழுத்தடிச்சிருப்பான். நான் ஒரு பட்டனைத் தட்டினேன். நாலு வருஷத்து விவரமும் தேதிவாரியா பிரின்ட் ஆகி வந்துச்சு. ரெண்டு பக்கம். நூத்திப் பதினேழு தடவை. "இந்தாங்க சார், வெச்சுக்கங்க"ன்னு நானே குடுத்தேன். ஸ்டேப்ளர் போட்டுக் குடுத்தேன்.

நின்னுக்கிட்டே படிச்சாரு. ரெண்டாவது பக்கத்தையும் படிச்சாரு. நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. "நல்ல சிஸ்டம் சார்"னு கை குடுத்துட்டுப் போனாரு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பொதுமக்கள்கிட்டேருந்து இப்படி ஒரு பாராட்டு வந்ததே இல்ல.

ஒரு நிமிஷம். பதினொண்ணு ஆயிடுச்சு, எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்.

யாரும் இல்ல. சும்மாதான் பாத்தேன். பழக்கம்.

திங்கக்கிழமை சௌந்தரியம்மா லீவு முடிஞ்சு வந்துச்சு. பேத்தி பொறந்திருக்குன்னு கையில ஸ்வீட் டப்பா. உள்ள நுழைஞ்சதும் திரும்பி வந்த புத்தகம் வெச்சிருக்கற தட்டைப் பாத்துச்சு. பாத்துட்டு நின்னுடுச்சு. "இதையெல்லாம் யாரு கொண்டாந்து குடுத்தாங்க சார்?"னு கேட்டுச்சு. நான் பெருமையா எல்லாத்தையும் சொன்னேன். நோட்டைக் கண்டுபிடிச்சது, நீலக்குடை, எல்லாம். அந்தம்மா அந்த ஸ்டூல்ல உக்காந்துச்சு. ஸ்வீட் டப்பாவை மடியில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு. திட்டும்னு பாத்தேன், திட்டல. "அரசி வந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. "அவங்க வீட்டுக்காரர் வந்தாரு, ரொம்பப் பாராட்டினாரு"ன்னேன்.

அப்பத்தான் விஷயத்தைச் சொல்லுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை தேர்வு. அரசி நாலு வருஷமா இதுக்குத்தான் படிக்குதாம். கல்யாணம் ஆனப்பவே வேலைக்கெல்லாம் போகக் கூடாதுன்னு பேச்சாம். பாஸ் பண்ணி ஆர்டர் கைக்கு வந்த பிறகு காட்டலாம், கையில காகிதம் இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு அரசியும் இந்தம்மாவும் பேசி வெச்சிருந்தாங்களாம். விண்ணப்பமே இந்த நூலகத்துலதான் போட்டிருக்கு, சௌந்தரியம்மா நம்பரைக் குடுத்து. மௌஸைத் தொட்டா கையைத் துடைச்சுக்கற அம்மா, மேடம்! ஹால் டிக்கெட்டும் அந்தம்மா டிராயர்லதான் இருந்துச்சு. நோட்டுக்கு அடியில. நான் பாத்திருக்கேன், ஏதோ பழைய காகிதம்னு தள்ளி வெச்சுட்டேன்.

சௌந்தரியம்மா அன்னிக்கு மத்தியானமே அரசி வீட்டுக்குப் போயிட்டு வந்துச்சு. உள்ள விடல. வாசல்லயே "உங்க வேலைதானா இது?"ன்னு கேட்டு அனுப்பிட்டாங்களாம். திரும்பி வந்து என் மேஜைக்கு எதுக்க நின்னுச்சு. "சார், நீங்க எங்கூட வந்து அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். சிஸ்டம் தப்பு பண்ணிடுச்சு, அதெல்லாம் சௌந்தரி எடுத்த புத்தகம், உங்க சம்சாரம் பேர்ல தப்பா ஏறிடுச்சுன்னு சொல்லுங்க. பதிவேட்டுல என் பேர்தானே இருக்கு? பொய்கூட இல்ல சார்"னுச்சு.

நான் முடியாதுன்னுட்டேன்.

முடியாதுன்னா, அப்படிப் பட்டுன்னு சொல்லல. யோசிச்சுப் பாருங்க மேடம். புதன்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். திங்கக்கிழமை ஊருக்குள்ள போயி என் சிஸ்டம் தப்புன்னு நானே சொல்லிட்டு, புதன்கிழமை சென்னைக்காரங்ககிட்ட நூத்துக்கு நூறு சரின்னு சொல்றதா? சின்ன ஊரு. ஒரு வாய் சொன்னா போதும், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க டீ குடிக்கிற கடையிலயே காதுல விழுந்துடும். அதுவும் போக, என் சிஸ்டம்ல தப்பே இல்லையே. யார் எடுத்தாங்களோ அவங்க பேர்ல ஏத்தியிருக்கேன். சரியா ஏத்தினதைத் தப்புன்னு எப்படிச் சொல்றது?

"அப்ப வியாழக்கிழமை சொல்லுங்க சார்"னுச்சு. பாக்கலாம்னேன். ஆபீஸ்ல பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும், அந்தம்மாவுக்கும் தெரியும்.

புதன்கிழமை வந்தாங்க. பாத்தாங்க. அசந்துட்டாங்க. அந்தா, அந்தக் கேடயம்தான். வியாழக்கிழமை பேப்பர்காரங்க வந்துட்டாங்க. வெள்ளிக்கிழமை முழுக்க போன், வாழ்த்துன்னு. சனிக்கிழமை போயிடலாம்னுதான் இருந்தேன், சத்தியமா. செருப்பை மாட்டிட்டேன். அப்ப மாவட்ட அலுவலர் லைன்ல வந்தாரு, பேசி முடிக்கறதுக்குள்ள பைப் கடையைச் சாத்திட்டாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கே சௌந்தரியம்மா தேர்வு நடக்கற ஸ்கூல் வாசல்ல ஹால் டிக்கெட்டோட போயி நின்னிருக்கு. எப்படியாவது வந்துடும்னு நம்பிக்கை. ஒம்பது மணிக்குக் கேட்டைச் சாத்திட்டாங்க. சாத்தின பிறகும் நின்னிருக்கு. பரீட்சை முடிஞ்சு எல்லாரும் வெளியில வர்ற வரைக்கும், பன்னெண்டரை மணி வரைக்கும், அந்த வெயில்ல நின்னிருக்கு. அடுத்த நாள் காலையில அந்த ஹால் டிக்கெட்டைக் கொண்டாந்து என் மேஜை மேல வெச்சுது. "இதையும் ஸ்கேன் பண்ணி ஏத்திக்கங்க சார்"னுச்சு. அவ்வளவுதான் சொல்லுச்சு. அந்த மாசமே மாறுதல் கேட்டு வாங்கிட்டு ஒரு பகுதி நேர நூலகத்துக்குப் போயிடுச்சு. ஒரு ரூம், ரெண்டு அலமாரி. கேட்டு வாங்கிட்டுப் போனாங்கன்னா பாருங்களேன்.

ஒம்பது மாசம் ஆச்சு. நூல்தூதுல இப்ப நாலாயிரத்துச் சொச்சம் பேர் இருக்காங்க. எல்லா வரைபடமும் மேல மேலதான் போகுது. பதினோரு மணிக்கு மட்டும் யாரும் வர்றதில்ல. அந்தக் கடைசி மேஜையைப் பாருங்க. மகளிர் நேரம்னு போர்டு எழுதிப் போட்டேன், புது மின்விசிறி மாட்டினேன், தண்ணிப் பானை வெச்சேன். நீலக்குடைகூட இந்தப் பக்கம் வர்றதில்ல. காய்கறிக் கடையில ஒரு நாள் பாத்தேன், என்னைப் பாத்ததும் குடையைச் சாச்சு முகத்தை மறைச்சுக்கிட்டாங்க. நான் என்ன மேடம் பண்ணினேன்? அவங்களுக்கு வசதியா இருக்கட்டும்னுதானே பண்ணினேன்?

எனக்கு நிம்மதி இல்ல மேடம். ஓடி ஓடிப் பாக்கறீங்களே, இப்படித்தான் தினமும். ஒரு இடத்துல உக்கார முடியல.

பைப் கடைக்கு மூணு தடவை போயிட்டேன். சொல்லிடணும்னுதான் போறேன். அவர் "வாங்க சார், என்ன வேணும்?"னு கேப்பாரு. நான் ஒரு குழாயை வாங்கிட்டு வந்துடுவேன். வீட்டுல மூணு குழாய் கிடக்கு, பிரிக்காம. எங்க வீட்டுல, "நம்ம வீட்டுல எந்தக் குழாய் ஒழுகுது?"ன்னு கேக்கறா. என்னன்னு சொல்றது? கடையில முன்னெல்லாம் அரசி மத்தியானம் சாப்பாடு கொண்டு வருமாம். இப்ப ஆள் போயி எடுத்துட்டு வர்றான். அந்தப் பொண்ணு வாசப்படி தாண்டி வர்றதில்லன்னு பக்கத்துக் கடைக்காரர் சொன்னாரு.

நேத்து முந்தாநேத்து இல்ல, போன மாசமே அடுத்த குரூப் ஃபோர் அறிவிப்பு வந்தாச்சு. விண்ணப்பிக்க வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்னிக்கு செவ்வாய். இதை விட்டா அந்தப் பொண்ணுக்கு வயசு தாண்டிடும்னு சௌந்தரியம்மா சொல்லியிருக்கு. தேர்வு அறிவிப்பு வந்தா உறுப்பினருங்க எல்லாருக்கும் ஒரே தட்டுல சேதி போற மாதிரி வெச்சிருக்கேன். உங்களுக்குக் காட்ட வேண்டிய வசதிகள்ல அதுவும் ஒண்ணு. அந்தச் சேதி நாலு வாரமா அனுப்பாம அப்படியே கிடக்கு. பட்டன் மேல விரலை வெக்கறேன், எடுத்துடறேன். அந்தப் பொண்ணு பேருக்கு நேரா இருக்கறது அவர் நம்பர். நாலாயிரம் பேர்கிட்ட ஒரு நொடியில பேசற ஆளு நான், அந்த ஒரு பொண்ணுகிட்ட ஒரு வரி சொல்ல எனக்கு வழி இல்ல.

ஞாயித்துக்கிழமை பஸ் பிடிச்சு சௌந்தரியம்மாவைப் பாக்கப் போனேன். "ஏதாவது வழி பண்ணுங்கம்மா, நீங்க சொல்லி அனுப்பினா போதும்"னேன். புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கிட்டே கேட்டுச்சு. "சொல்லி அனுப்பலாம் சார், அதுக்கு ஆள் இருக்கு. கேட்டுட்டு அவ என்ன பண்ணுவா? வீட்டை விட்டு எப்படி வருவா? அந்த ரெண்டு பக்கம் அவ கையில இல்லியே, அவர் சட்டைப் பையிலதானே இருக்கு. அதை வாங்க வேண்டியது நீங்க"ன்னுச்சு. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

உங்க படிவத்தை இப்படிக் குடுங்க மேடம். 'குறைபாடுகள்'னு ஒரு கட்டம் இருக்கும், கடைசிப் பக்கத்துல. 'இல்லை'ன்னு எழுதிட்டீங்களா? நான் பேசிக்கிட்டு இருக்கறப்பவேவா? அதை அடிச்சுடுங்க. நான் சொல்றேன், எழுதுங்க. "மேற்படி மென்பொருளில், உதவியாளர் ஞானசௌந்தரி பெற்ற நூல்கள் பிற உறுப்பினர்கள் பெயரில் தவறுதலாகப் பதிவாகியுள்ளன. உறுப்பினர் மங்கையர்க்கரசி பெயரில் வழங்கப்பட்ட இரண்டு பக்க விவரம் பிழையானது." பிழையானதுன்னு போட்டு அடிக்கோடு போடுங்க. ஒரு நகல் எனக்குக் குடுங்க. அரசாங்கக் காகிதம், வெளியூர் நூலகர் கையெழுத்து. அதைக் காட்டினா அவர் நம்புவாரு. நான் வாயைத் திறக்கவே வேண்டாம் பாருங்க, காகிதத்தை நீட்டினா போதும்.

ஏன் பேனாவைக் கீழ வெச்சுட்டீங்க?

கேடயத்தை யோசிக்கிறீங்களா? திருப்பி வாங்கிக்குவாங்க, தெரியும். பக்கத்து ஊருக்காரன் சிரிப்பான், அதுவும் தெரியும். பரவால்ல, எழுதுங்க மேடம். எழுத மாட்டீங்களா?

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சரி. புரியுது. இது உங்க கையெழுத்துல வர வேண்டியது இல்ல. குடுங்க, ஒரு வெள்ளைத்தாள் குடுங்க, நானே எழுதறேன். ரப்பர் ஸ்டாம்ப் எங்க... இதோ இருக்கு. 'நூலகர், கிளை நூலகம், மேட்டுத்தோப்பூர்.' பேரு, கையெழுத்து, தேதி. "எனது தவறால்"னு போட்டிருக்கேன், சரிதானே? சிஸ்டம்னு போட வேண்டாம். அது பாவம், நான் சொன்னதைத்தான் பண்ணுச்சு.

பதினொண்ணரை. செல்வகணபதி ஒரு மணி வரைக்கும் கடையிலதான் இருப்பாரு. உக்காந்தா மறுபடியும் உக்காந்துடுவேன், இப்பவே போயிடறேன். கொஞ்ச நேரம் கவுண்டரைப் பாத்துக்குங்க மேடம். யாராவது பொம்பளைங்க வந்தா, பேர் கேக்காம குடுத்துடுங்க.